அரைக்கிலோ நல்ல மண்

கடைப் படியில் கால் வைப்பதற்கு முன் சின்னதுரை செருப்பைக் கழற்றுவார். கழற்றியதை அப்படியே விட்டுவிட மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலதுகால் செருப்பை முதலில் எடுத்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி தொடையில் வைத்துக்கொள்வார். சட்டைப் பையிலிருந்து உடைந்த ஹாக்சா பிளேடு ஒன்று வெளியே வரும். குதிகாலிலிருந்து தொடங்கி, ரப்பரில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பிளேடை விட்டுச் சுரண்டுவார். சுரண்டியது கீழே விழாது. இடது உள்ளங்கையில் ஒரு துண்டுக் காகிதம் விரிந்திருக்கும். பிறகு இடதுகால் செருப்பு. இரண்டும் முடிந்ததும் காகிதத்தை நான்காக மடித்து, பிளேடோடு பையில் போட்டுக்கொண்டு, விரலைப் பேண்டில் துடைத்துவிட்டு உள்ளே வருவார். சேறு ஒட்டிய நாளில் இதெல்லாம் கிடையாது; படி ஓரத்தில் இரண்டு தேய்ப்பு, அவ்வளவுதான். காய்ந்த மண்ணுக்கு மட்டும்தான் இந்த மரியாதை.

"இன்னா துரை, செருப்பைக் குளிப்பாட்டியாச்சா? நான் பள்ளிவாசலுக்குக்கூட இவ்ளோ சுத்தமாப் போறதில்ல" என்பார் ஜுல்பிகர் பாய்.

"உங்க கடைத் தரை அழுக்காயிடும்ல பாய்."

தரையில் யூரியாவும் எலிப்புழுக்கையும் கலந்து கிடக்கும்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஜுல்பிகர் பாயின் உரக்கடை. நான் அங்கே பில் போடுகிறவன். பில் போடுகிறவனின் முகத்தைப் பார்த்து யாரும் பேசுவதில்லை. அதனால் மற்றவர்கள் முகத்தைப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். சின்னதுரையின் வேலையை ஆறு மாதம் வெறும் சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் காற்றில் காகிதம் நழுவிப் படியில் கவிழ்ந்தது. வெள்ளையாக ஒரு சிட்டிகை. சோப்புத்தூள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். பிறகு வெறுங்காலால் தேய்த்துத் தேய்த்து அதைத் தரையோடு தரையாக ஆக்கினார். உள்ளே வந்து ஒரு கிலோ ஜிங்க் சல்பேட் கேட்டார்.

சின்னதுரைக்கு வயது ஐம்பத்தொன்று. பதினெட்டு வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரி ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் சிந்துவதை மண்வெட்டியால் வாரி மறுபடி ஏற்றுவது. பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்தால் வீட்டுக்குப் போக மாட்டார். டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிழக்கே எட்டு கிலோமீட்டர் போவார். அங்கே ஒரு ஊரில் அவருக்கு ஒரு ஏக்கர் பத்து சென்ட் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை.

அவர் பிறந்த ஊர் இப்போது கிடையாது. அது இருந்த இடம் சுரங்கப் பள்ளத்துக்குள் போய்விட்டது. அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது ஒரு ஆள் நோட்டும் பேனாவுமாக வந்து, நிலத்தில் என்ன இருக்கிறது என்று அவருடைய அப்பாவைக் கேட்டார். வரி போடத்தான் கேட்கிறார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க. வெறும் கரம்பு. புல்லுகூட மொளைக்காது" என்றார். அப்போது அவருக்குப் பின்னால் மல்லாட்டை, நிலக்கடலை, பூத்து நின்றது. நோட்டில் கரம்பு என்று ஏறியது. கரம்புக்கு உரிய நஷ்டஈடுதான் கைக்கு வந்தது. எத்தனையோ ஆபீஸ் படி ஏறி இறங்கியும் அந்த ஒரு சொல்லை அழிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அப்பா யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வதை விட்டுவிட்டார். பெயரைக் கேட்டால்கூட அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாராம்.

சின்னதுரைக்குப் பாம்பைக் கண்டு பயம் இல்லை. தலைக்கு மேல் ஓடும் பெல்ட்டைக் கண்டும் பயம் இல்லை. காகிதம்தான் பயம். வயல் பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ரேஷன் கடையில் கையெழுத்துக் கேட்டாலும் வியர்க்கும்.

அந்த நிலத்தை அவரும் மனைவி அம்சவல்லியும் சேர்ந்து வாங்கினார்கள். அம்சவல்லிக்குச் சுரங்க நகரியத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் ஒன்றில் படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மாளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும்தான் வயலுக்கு வருவார். முதல் ஆறு வருடம் குறையில்லாமல் விளைந்தது. மூன்று வருடத்துக்கு முன் போர் வற்ற, இன்னும் எண்பது அடி இறக்கினார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் கையில் பிடித்தால் வழவழப்பு. அம்சவல்லி ஒரு குடம் வீட்டுக்குக் கொண்டுவந்து துவரம்பருப்பு போட்டுப் பார்த்தார். வேகவில்லை.

"பருப்பே வேவாத தண்ணியில நெல்லு எப்பிடிங்க வெளையும்?"

"நெல்ல இன்னா வேவ வைக்கவா போறம்?"

இந்தப் பதிலைச் சின்னதுரை ரொம்ப நாள் கடையில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

கிழக்கு மூலையில் பாய் அகலத்துக்கு வெள்ளை பூத்தது அடுத்த பங்குனியில். காலையில் பார்த்தால் பனி விழுந்த மாதிரி இருக்கும்; வெயில் ஏற ஏறக் கண்ணைக் கூசும். அவர் தண்ணீர் காட்டினார். வெள்ளை மறைந்தது. காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் அகலமாக வந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினார்; அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. உப்பை மேலே கொண்டுவந்து வைப்பதே அந்தத் தண்ணீர்தான் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அவர் யாரையும் கேட்கவும் இல்லை. மேலே பூத்ததைச் சுரண்டிக் கூடையில் வாரி வரப்பின்மேல் கொட்டினார். வெறிச்சென்று தெரியும் இடத்தில் ஏரி வண்டலைத் தூவி மூடினார். ஒரு மழை பெய்ததும் வரப்பில் கொட்டியதெல்லாம் மறுபடி வயலுக்குள் இறங்கியது. அறுப்பின்போது மூலையில் பதர்தான் இருந்தது. அம்சவல்லி கேட்டதற்குப் பூச்சி என்று சொல்லிவிட்டார்.

அவர் ஏன் மறைத்தார் என்றால், ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உப்பு பூத்த நிலம் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அது தரிசுக் கணக்கு. தரிசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுரங்கத்துக்கு முதலில் அளக்க வருவார்கள். யார் தொடங்கிய பேச்சு என்று யாருக்கும் தெரியாது. உண்மையா என்று கேட்கவும் வழியில்லை. கேட்டால், உன் நிலத்தில் பூத்திருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆவணியில் வேளாண்மை அலுவலர் மலர்விழி ஸ்கூட்டியில் வந்து எங்கள் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். சின்னதுரையின் நிலம் இருக்கும் ஊரில் மண் பரிசோதனை முகாம். அன்று சாயங்காலம் விதை எடுக்க அம்சவல்லியும் கூட வந்திருந்தார். நோட்டீஸை விரல் வைத்துப் படித்தார்.

"இது இன்னாங்க, மண்ணுக்கு ரத்தப் பரிசோதனையா?"

"அதெல்லாம் பெரிய பண்ணைக்காரனுக்கு. நீ வா."

"துரை, காசு கிடையாது, ஊசி கிடையாது" என்றார் ஜுல்பிகர் பாய். "மண்ணு அழுவவும் அழுவாது. கொண்டுபோய்க் குடுங்க."

"மூலையில பூச்சி பூச்சின்னு சொல்லிகினு கெடக்கிறீங்க. இன்னா பூச்சின்னு அந்த மண்ணே சொல்லட்டும்" என்றார் அம்சவல்லி.

சின்னதுரை என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தில் தேதி எழுதினேன்.

"குடுக்கறன்" என்றார்.

நடந்ததை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டாகச் சொன்னார். முகாமுக்கு முந்தின நாள் அவருக்கு வார விடுமுறை. உச்சிவெயிலில், வயல்வெளியில் ஆள் அரவம் இல்லாத நேரத்தில், அடுத்த வயலில் இறங்கினார். அது மருதமுத்து என்பவருடையது, மூன்று ஏக்கர். ஏரி மடைத் தண்ணீர் நேராகப் பாய்கிற வயல். ஊரில் நல்ல மண் என்றால் அதைத்தான் காட்டுவார்கள். நோட்டீஸில் போட்டிருந்தபடியே செய்தார். ஐந்து இடத்தில் மேல்புல்லை நீக்கி, ஆங்கில வி எழுத்து மாதிரி அரை அடிக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, அரைக்கிலோவாகக் குறைத்தார். துணிப்பையில் கட்டித் தன் பெயரை எழுதினார். "ஒண்ணுகூடத் தப்பா செய்யல தம்பி" என்று என்னிடம் சொன்னார். "எடம்தான் வேற."

இருபது நாள் கழித்து மண்வள அட்டை வந்தது. கார அமில நிலை சீர். உப்பின் அளவு சீர். சின்னதுரை அதை வாங்கிய அன்று கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு ஒரு நாளுக்குக்கூடத் தாங்கவில்லை. அம்சவல்லி அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்த்தி வைத்து, அந்த வெள்ளிக்கிழமை விளக்கும் ஏற்றிவிட்டார். மூலையை இந்தத் தடவை விட்டுவிடலாம் என்று சின்னதுரை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"ஏன் வுடணும்? மண்ணு நல்லாருக்குதுன்னு அட்டையே சொல்லுது. உங்க கண்ணுதான் கெட்டுப்போச்சு. மூலைய சேத்து நடுங்க."

புரட்டாசி முதல் வாரம் நடவு. சேறடித்த வயலில் வெள்ளை தெரியாது. ஒரு ஏக்கர் பத்து சென்ட்டும் பச்சையாக நின்றது. அவருக்கு மட்டும் அடியில் இருப்பது தெரியும்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். ஒன்றும் வாங்க மாட்டார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பாய் உள்ளே போகும்வரை காத்திருந்து என்னிடம் கேட்பார். "தம்பி, நாத்து நுனி காயுதுன்னா இன்னா மருந்து? எனக்கில்ல, தெரிஞ்சவரு ஒருத்தருக்கு." மறுநாள், "நுனி காஞ்சி வெளுத்து வருதுன்னா?" அதற்கு மறுநாள், "வெளுத்து, புடுங்குனா வேரு பழுப்பா வருதுன்னா?" தெரிந்தவரின் நாற்று நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருந்தது. முகச்சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். அவர் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குத் திரும்புகிறது என்று அம்சவல்லி ஒருநாள் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நட்ட இருபதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அம்சவல்லி உள்ளே வந்தார். அன்றுதான் களையெடுப்பைப் பார்க்க வயலுக்குப் போயிருக்கிறார். ஒரு கையில் வைக்கோல் நிறத்தில் ஒரு பிடி நாற்று, இன்னொரு கையில் அட்டை. பின்னால் சின்னதுரை. அன்று செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

"பாய், இது உங்க கடையில எடுத்த வெதை. இது கெவுர்மெண்டு குடுத்த அட்டை. மண்ணு நல்லாருக்குன்னு இதுல போட்டிருக்குது. அப்ப கெட்டது எது?"

ஜுல்பிகர் பாய் நாற்றை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வேரைப் பிரித்துப் பார்த்தார். "இது வெதைக் கோளாறு மாதிரி தெரியலையேம்மா."

"வேற எது மாதிரி தெரியுது, சொல்லுங்க."

"உரம் போட்டீங்களா?"

"அதுவும் இங்க எடுத்ததுதான்."

நின்றவர்களில் ஒருவர், போன வருடம் யாரோ கலப்பட விதை விற்ற கதையைத் தொடங்கினார். இன்னொருவர் செல்போனை உயர்த்திப் பிடித்தார். பாய் சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தார், பிறகு கையில் இருந்த நாற்றை. "எங்க அத்தா காலத்துக் கடைம்மா இது" என்றார். அவர் விரல்கள் நாற்றின் வேரைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். படியில் கொட்டிய வெள்ளையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"எடு எடு, நல்லா எடு" என்று செல்போன்காரரிடம் யாரோ சொன்னார்கள். "அட்டையையும் சேத்து எடு."

அட்டை என்றதும்தான் சின்னதுரை வாயைத் திறந்தார்.

"அம்சா. வெதை இல்ல."

"நீங்க சும்மா இருங்க."

"வெதை இல்ல. அந்த அட்டையில இருக்கிற மண்ணு நம்மளுது இல்ல."

அம்சவல்லி திரும்பினார். "பின்ன யாருது?"

"மருதமுத்து அண்ணனுது. அவரு வயல்ல எடுத்தன்."

கடைக்கு வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துப் போனது. அம்சவல்லி அட்டையைப் பார்த்தார்.

"அப்ப இத்தினி வெள்ளிக்கெழமையும் மருதமுத்து நெலத்துக்கா நான் வெளக்கேத்தினன்?"

யாரோ சிரித்தார்கள். செல்போன் இறங்கியது. அம்சவல்லி சிரிக்கவில்லை. கணவன் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "நம்ம மண்ணு எப்பிடிங்க இருக்குது?"

"வெள்ளையா இருக்குது."

"எம்மாந்தூரம்?"

"மூலையில தொடங்கி பாதி வரிக்கும்."

பாய் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அம்சவல்லி உட்காரவில்லை. நாற்றை மட்டும் வாங்கிக்கொண்டு படி இறங்கினார். அட்டை கல்லா மேல் கிடந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் உண்மையான மண்ணோடு மலர்விழியின் அலுவலகத்துக்குப் போனார்கள். பையில் பெயர் எழுதச் சின்னதுரைக்குக் கை வரவில்லை, அம்சவல்லிதான் எழுதினார். மலர்விழி திட்டவில்லையாம். ஒன்றுதான் கேட்டார்: ஏன்?

சின்னதுரை அதற்குப் பதில் சொல்லாமல், "மேடம், இந்தக் காயிதம் எங்கெங்க போவும்? யாராரு பாப்பாங்க?" என்றார்.

"நான் பாப்பேன், லேப்ல பாப்பாங்க, நீங்க பாப்பீங்க."

"வேற யாரும்?"

"உங்க மண்ணு வேற யாருக்குங்க வேணும்?"

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருக்கிறார். சின்னதுரை எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். மிச்சத்தை அம்சவல்லி கேட்டுக்கொண்டு வந்தார்.

உப்பு பூக்கும் உவரும் மண்ணை இறுக்கும் களரும் கலந்த நிலம் என்று முடிவு வந்தது. உவர் மட்டும் என்றால் நல்ல தண்ணீர் கட்டிக் கழுவிவிடலாம். களர் இறுகிப் போயிருப்பதால் தண்ணீர் கீழே இறங்காது. முதலில் ஜிப்சம் போட்டு இறுக்கத்தை உடைக்க வேண்டும். பிறகு வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி, ஊறவிட்டு, வடிக்க வேண்டும். போர்த் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது. கடைசியில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். "உப்பை அழிக்க முடியாதும்மா" என்று மலர்விழி சொல்லியிருந்தார். "வெளியே அனுப்பத்தான் முடியும்."

அனுப்புவதற்கு இருந்தது ஒரே வழி. சின்னதுரையின் வயலுக்கும் ஓடைக்கும் நடுவில் மருதமுத்துவின் வயல் இருந்தது.

ஜிப்சம் மூட்டை இறக்க நானும் வண்டியில் போனேன். அன்றுதான் அந்த நிலத்தை முதன்முதலாகப் பார்த்தேன். காய்ந்த நாற்று வரிசை கலையாமல் அப்படியே நின்றது. மூலைக்குப் போனபோது கால் வைத்த இடமெல்லாம் பொருபொருவென்று நொறுங்கியது. நொறுங்கியதற்குக் கீழே சிமெண்ட் தரை மாதிரி இருந்தது. கொக்கு ஒன்று வரப்பு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

மருதமுத்து அறுபதைத் தாண்டியவர், எதையும் சத்தமாகச் சொல்கிறவர். செய்தி அவருக்கு முன்னமே எட்டியிருந்தது.

"வாய்யா மண்ணுத் திருடா. கேட்டிருந்தா டிராக்டர்லயே மண்ணு அடிச்சுக் குடுத்திருப்பனே. அரைக்கிலோவுக்கா உச்சிவெயில்ல வந்த?"

"தப்புதாண்ணா."

"என் மண்ணு பாஸாயிடுச்சாமே. எத்தினி மார்க்கு?"

சின்னதுரை தலை நிமிராமல், வடிகால் விஷயத்தைச் சொன்னார். மருதமுத்துவின் சிரிப்பு நின்றது. தன் வயலை நீளத்துக்குப் பார்த்தார்.

"உன் உப்பு என் ஓரமாப் போவணும்னு சொல்ற."

"ஆமாண்ணா."

"வழியில எறங்கிப்புட்டா?"

மருதமுத்து வரப்பில் உட்கார்ந்து ஒரு புல்லைக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டார். அதை மென்று துப்பிவிட்டுச் சொன்னார்: ஓடை நிறைய ஓடும் நாளில் மட்டும்தான் திறக்க வேண்டும், காய்ந்த நாளில் கூடாது, வாய்க்கால் முழுக்கக் களிமண்ணால் மெழுக வேண்டும், அதையும் சின்னதுரையே மெழுக வேண்டும். ஒன்பது நாள் ஷிப்ட் முடிந்து வந்து கையால் மெழுகினார். விரல் நகத்தைச் சுற்றிப் புண்ணாகிவிட்டது.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. வயலில் முழங்காலுக்குக் கீழ்வரை தண்ணீர் நின்றது. சின்னதுரை ஒரு மூங்கில் குச்சியை நட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு கிழித்தார். மழை விட்ட முதல் நாள் தண்ணீர் கோட்டில்தான் இருந்தது. இரண்டாம் நாளும். டீ மாதிரிக் கலங்கிப்போய் அசையாமல் கிடந்தது. இறங்கவில்லை என்றால் ஜிப்சம் வேலை செய்யவில்லை. ஜிப்சம் வேலை செய்யவில்லை என்றால் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்தவர், "அப்பிடியேதான் நிக்குது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்பாவுக்கு அந்த நோட்டு ஆள் வந்தபோது என்ன வயதோ அதுதான் இப்போது தனக்கும் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தார். நான்காம் நாள் காலையில் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை ஈரம் தெரிந்தது. மண் குடிக்கத் தொடங்கியிருந்தது.

ஓடை நிரம்பி ஓடியது கார்த்திகை நான்காம் தேதி. அன்று சின்னதுரைக்கு செகண்ட் ஷிப்ட். இரண்டு மணிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பெருமழை தொடங்கியது. நடுவில் வெளியே வர முடியாது. வந்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு, பள்ளத்தின் படிப்படியான சரிவுகளில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு அம்சவல்லி குவார்ட்டர்ஸில் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார். தனியாக மடையை வெட்டினார். பழுப்புத் தண்ணீர் மெழுகிய வாய்க்காலில் சீறிக்கொண்டு போனது. பாதி வழியில் ஒரு நண்டுவளை திறந்து, தண்ணீர் மருதமுத்துவின் பயிருக்குள் இறங்கத் தொடங்கியது. அம்சவல்லி மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார், போட்டதெல்லாம் கரைந்தது. கத்தியது மழையில் யாருக்கும் கேட்டிருக்காது. மருதமுத்து தன் வயலைப் பார்க்க வந்தவர்தான். ஓடிவந்து ஒரு சாக்கை வளையில் திணித்து, அதன்மேல் தானே உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, உன் புருசன் என் மண்ணைத் தூக்கினான். நீ என்னையே தூக்கி இங்க வச்சிட்ட."

"எழுந்துக்காதீங்கண்ணா."

"எங்க எழுந்துக்கறது. வயிறு வரிக்கும் தண்ணி."

வயல் வடியும்வரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுவாரம் ஒரு முறை, மார்கழி முதல் மழையில் ஒரு முறை வடித்தார்கள். மாசியில் விதைத்த தக்கைப்பூண்டு இடுப்புக்கு வந்துவிட்டது, மூலையில் ஒரு போர்வை அகலத்தைத் தவிர. உண்மையான அட்டை இப்போது அம்சவல்லியிடம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அளக்க யாரும் வரவில்லை. ஆனாலும் ஜீப் சத்தம் கேட்டால் சின்னதுரை கொட்டகைக்குப் பின்னால் போகத்தான் செய்கிறார்.

பங்குனியில் மலர்விழி ஜிப்சம் இருப்பைப் பார்க்கக் கடைக்கு வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்த ஊர் முகாமில் வந்தவை முப்பத்தெட்டுப் பொட்டலம். சின்னதுரை வந்து ஒப்புக்கொண்ட பிறகு, மீந்து கிடந்த மண்ணையெல்லாம் மறுபடி பிரித்துப் பார்த்திருக்கிறார். பதினைந்து பொட்டலத்தில் இருந்தது ஒரே மண்: செம்மை கலந்த அதே கறுப்பு, அதே நத்தைக்கூட்டுத் துணுக்கு. ஒன்று மருதமுத்துவே கொடுத்தது. ஒன்று சின்னதுரை கொடுத்தது. மற்ற பதின்மூன்று பேரும் போர்த் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். அதில் மூன்று பேரின் நிலம் சின்னதுரை வயலுக்கு மேல்புறம் ஒட்டியே இருக்கிறது. இதுவரை அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரும் தன் மண்ணோடு வரவில்லை.